ஒன்பதாம் எண் சட்டைக்கு ஆள் எங்கே?

2025 அக்டோபர் 14 இரவு. பெரம்பூரில் ஒரு டீக்கடை வாசலில் ஆறு பேர் ஒரே செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்டம். 14-வது நிமிடத்தில் சாங்தே அடித்த பந்து வலைக்குள் போனதும் கடைக்காரர் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். இடைவேளைக்குச் சற்று முன் சிங்கப்பூரின் சாங் உய்-யாங் சமன் செய்தார். 58-வது நிமிடத்தில் அவரே இன்னொன்று. மிச்சமிருந்த அரை மணி நேரமும் நம் பையன்கள் ஓடினார்கள். கோலுக்கு முன்னால் போய் முடிக்கத்தான் ஆளில்லை. 2-1. 2027 ஆசியக் கோப்பைக்கான வழி அன்றோடு அடைபட்டது.

ஆட்டம் முடிந்த பிறகுதான் எங்கள் வாதம் ஆரம்பித்தது. 41 வயது சுனில் சேத்ரியை ஏன் மறுபடி அழைத்தார்கள்? சிங்கப்பூரில் நடந்த முதல் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய சந்தேஷ் ஜிங்கன் இருந்திருந்தால் பின்களம் இப்படித் திறந்துகிடந்திருக்குமா? அதே ஆட்டத்தில் 90-வது நிமிடத்தில் சமன் செய்துகொடுத்த, நம் சென்னையின் எஃப்சியில் ஆடி வளர்ந்த ரஹீம் அலிக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கக் கூடாதா? ஆளாளுக்கு ஒரு பதினொருவர் பட்டியல் வைத்திருந்தார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தப் பட்டியலை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பத்து இடத்துக்குப் பெயர் தடையில்லாமல் வந்தது. நடு ஃபார்வர்டு, அந்த ஒன்பதாம் எண் இடத்துக்கு மட்டும் யாரைப் போட்டாலும் அரைமனதாகத்தான் போட வேண்டியிருந்தது. பயிற்சியாளர் காலித் ஜமீலுக்கும் அதே நிலைதானே இருந்திருக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சேத்ரி விஷயத்தை முதலில் பேசிவிடலாம். 2005-ல் பாகிஸ்தானின் குவெட்டாவில் அறிமுகமாகி அன்றே கோல் அடித்தவர். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராக 0-0 என்று முடிந்த ஆட்டத்தோடு, 151 ஆட்டங்கள், 94 கோல்கள் என்ற கணக்கோடு, கண்ணீரோடு விடைபெற்றார். அவர் போன பிறகு அந்த ஆண்டு இந்தியா ஆடிய ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அடித்தது மூன்றே கோல். அதில் ஒன்று பின்களத்தில் ஆடும் ராகுல் பேக்கே தலையால் முட்டியது. 2025 மார்ச்சில் அன்றைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் சேத்ரியைத் திரும்ப அழைத்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 3-0 வெற்றி, சேத்ரிக்கு 95-வது கோல். அடுத்த வாரமே அதே மைதானத்தில் வங்கதேசத்தோடு 0-0.

அழைத்தது தவறு என்று பலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசனில் இந்திய வீரர்களில் அதிக கோல் அடித்தவர் அவர்தான்: 40 வயதில் 14 கோல். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள் யாரும் அவர் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு பயிற்சியாளர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்? அழைப்பு நியாயமானது. அந்த அழைப்புக்கு அவசியம் வந்த நிலைமைதான் அநியாயம். இந்தத் தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தது இரண்டே கோல். அதற்கு முந்தைய 2024 ஜனவரி ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என்று மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட இல்லாமல் திரும்பினோம். இதையெல்லாம் ஒரு மனிதரின் முழங்காலில் கொண்டுபோய்ச் சுமத்தினோம்.

போன மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் காலை, எங்கள் பக்கத்து மாநகராட்சித் திடலில் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயது இருக்கும் ஒருவன் கண்ணில் பட்டான். ஒல்லியான உடம்பு. யாரோ போட்டுப் பழசாக்கிய பூட்ஸ், முன்பக்கம் பிரிந்து கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வலது பக்கத்திலிருந்து வந்த உயரப் பந்தை அவன் நெஞ்சில் வாங்கி, அது தரையைத் தொடும் முன்பே இடது காலால் திருப்பினான். கீப்பர் அசையவே இல்லை. பந்து மூலையில் போய் விழுந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் அதேபோல் இன்னும் இரண்டு முறை செய்தான். இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. இருப்பவனிடம் இருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்ததும் மாஸ்டரிடம் போய், "இந்தப் பையன் நல்ல ஃபார்வர்டா வருவான் மாஸ்டர்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியும் சார். அவன அடுத்த வாரத்துலேர்ந்து லெஃப்ட் பேக் ஆட வைக்கப்போறேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "ஃபார்வர்டா இருந்தா எந்த கிளப்பு சார் எடுக்கும்? அந்த எடத்துக்கு ஃபாரினர் வந்துர்றான். இடது கால்ல ஆடுற பேக்குக்கு எப்பவும் டிமாண்டு இருக்கு. இவங்க அம்மா வீட்டு வேலை செய்றாங்க. பையனுக்கு ஒரு சம்பளம் வர வழிய நான் பார்க்கணுமா, இந்தியா டீமுக்கு ஸ்ட்ரைக்கர் வர வழிய பார்க்கணுமா?"

அவர் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றுமில்லை. பத்து வருடமாக இந்திய அணியின் தேர்வைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், கத்தியிருக்கிறேன். உண்மையான அணித் தேர்வு இப்படி ஒரு திடலின் ஓரத்தில், காலை ஏழு மணிக்கு, ஒரு குடும்பத்தின் வாடகையை மனதில் வைத்து நடந்துவிடுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மாஸ்டர் சொன்ன 'ஃபாரினர்' கதைக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் வரை ஆடலாம். 2017-18-ல் அது ஐந்தாகவும், 2021-22-ல் நான்காகவும் குறைந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனால் நான்கு பேரை எங்கே வைப்பது என்பது கிளப்பின் இஷ்டம். ஆட்டத்தை வென்றுகொடுக்கும் இடங்கள் எவையோ அங்கேதான் வைப்பார்கள்: ஒரு ஸ்ட்ரைக்கர், அவருக்குப் பின்னால் ஆட்டத்தை ஆட்டுவிக்கும் நடுக்கள வீரர், ஒரு ஸ்டாப்பர். சேத்ரியே தன் கிளப்புக்காகப் பல சீசன்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு விங்கில் ஆடியவர். அவருக்கே அந்த நிலை என்றால் பத்தொன்பது வயதுப் பையனின் கதி என்ன? பயிற்சியில் ஆடுவான், பெஞ்சில் உட்காருவான், 85-வது நிமிடத்தில் இறங்குவான். கோல் அடிப்பது பழக்கத்தில் வருவது. ஆட்டத்தில் பத்து வாய்ப்பைத் தவறவிட்டால்தான் பதினோராவதைப் பொறுமையாக வைக்கத் தெரியும்.

இளம் இந்திய ஃபார்வர்டு ஒருவரைக் கட்டாயமாக ஆடவைக்க வேண்டும் என்று விதி போட்டால் போதும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. விதிக்காகப் போடப்பட்ட பையன் இருபதாவது நிமிடத்தில் வெளியே எடுக்கப்படுவான். அவனுக்கு வேண்டியது ஆடித் தவறவிட்டுப் பழக ஒரு இடம். ஒரு உருப்படியான ரிசர்வ் லீக், வருடத்துக்கு முப்பது நாற்பது ஆட்டம், அதில் வெளிநாட்டவர் இல்லை. பழைய சென்னை லீக் ஒரு அளவுக்கு அந்த இடமாக இருந்தது. ஐசிஎஃப், இந்தியன் வங்கி, சதர்ன் ரயில்வே, வருமானவரித் துறை என்று அணிகள். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. கோல் அடித்தால் குடும்பத்துக்குச் சோறு என்ற கணக்கு நேராக இருந்தது. அந்த ஒதுக்கீடு சுருங்கிய இடத்தில் தொழில்முறை கிளப்புகள் வந்து நிற்கும் என்று நம்பினோம்.

நம்பியது என்ன ஆயிற்று? இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் 2010-ல் போடப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடியும் என்பது ஒப்பந்தம் போட்ட அன்றே தெரியும். கூட்டமைப்புக்கு அதிலிருந்து ஆண்டுக்கு ரூ.50 கோடி வந்துகொண்டிருந்தது. கூட்டமைப்பின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது; தீர்ப்பு வரும்வரை புதிய ஒப்பந்தம் பேச முடியாத நிலை. 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்படுவதாகக் கிளப்புகளுக்குத் தகவல் போனது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்தியது. 2015-லும் 2017-18-லும் கோப்பை வென்ற நம் சென்னையின் எஃப்சியும் அணியின் செயல்பாட்டை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் நீதிமன்றம் புதிய சட்டவிதிகளுக்கு ஒப்புதல் தந்தது. அதன்பிறகு விடப்பட்ட டெண்டருக்கு நவம்பர் 7 வரை ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை. ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-ல்தான் லீக் தொடங்கியது. ஆட்டங்கள் 91 என்று சுருங்கின. ஒரு அணி இன்னொரு அணியோடு ஒரே முறை.

இப்போது அக்டோபர் 14-க்குத் திரும்பிப் போங்கள். அன்று ஃபட்டோர்டாவில் ஆடிய வீரர்களில் பலருக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்பது தெரியாது. வழக்கமாக அந்த நேரத்தில் லீக் ஓடிக்கொண்டிருக்கும். காலில் ஆட்டத்தின் சூடு இருக்கும். இவர்களில் பலர் முகாமிலிருந்து நேராக வந்து ஆடினார்கள். அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றபோது, 22 ஆண்டுகளில் முதல்முறை என்று தலைப்புச் செய்தி போட்டோம். இந்த நிலையில்கூட காலித் ஜமீல் பொறுப்பேற்ற புதிதில், செப்டம்பரில் தஜிகிஸ்தானில் ஒரு போட்டித் தொடரில், ஓமானை பெனால்டியில் வென்று மூன்றாமிடம் பிடித்த அணி இது. அந்த வெற்றிக்கு எத்தனை பத்தி ஒதுக்கினோம்?

தேசிய அணிக்குப் பயிற்சியாளரை அமர்த்துவதில்கூட நமக்கு அக்கறை போதவில்லை. மனோலோ மார்க்கெஸ் ஒரு முழு சீசன் எஃப்சி கோவாவுக்கும் இந்தியாவுக்கும் சேர்த்துப் பயிற்சியாளராக இருந்தார். எட்டு ஆட்டம், ஒரு வெற்றி. அவர் திறமையானவர், ஆனால் நாட்டின் அணியை யாருக்கும் பகுதிநேர வேலையாகத் தரக் கூடாது. அதற்கும் முன்பு, 2022-ல் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின்போது வீரர்களின் பெயர்ப் பட்டியல் ஒரு ஜோதிடரிடம் போய் வந்ததாக 2023 செப்டம்பரில் ஆங்கில நாளிதழ் ஒன்று விரிவாக எழுதியது. அன்று பட்டியலில் இடம் கிடைக்காத ஒரு வீரன் அந்தச் செய்தியைப் படித்திருப்பான். அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பின்களத்தில் நின்று ஹெட் பண்ண முடியாதவரை ரஹீம் உட்காரவைக்கவில்லை. சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார். ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் அடித்தார், இறுதியாட்டத்திலும் அடித்தார். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். அரசியல் பிணக்கால் மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட நாள் அது. இறுதியாட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர். புற்றுநோயோடு போராடிக்கொண்டே அந்த அணியை நடத்திய ரஹீம் அடுத்த ஆண்டு இறந்துபோனார். இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள். அவர் கையில் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பேர் ஏற்கெனவே முன்களத்தில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணிந்து மாற்றிப்போட, மாற்றிப்போடும் அளவுக்கு ஆள் வேண்டும்.

வெளிநாட்டில் வளர்ந்த இந்திய வம்சாவளி வீரர்களைக் கொண்டுவந்தால் தீர்ந்துவிடும் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. ஷில்லாங்கில் வங்கதேசத்துக்காக இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி இறங்கியதைப் பார்த்த பிறகு அந்த ஆசை நமக்கும் வந்துவிட்டது. நமக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவுக்கு ஆட முடியாது. மும்பையில் பிறந்த தாயின் மகன் ரையன் வில்லியம்ஸ், 32 வயதில் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைத் துறந்து இந்தியக் குடிமகன் ஆனார். அவருக்கு முன் ஜப்பானில் பிறந்த அராதா இசுமி அதைச் செய்தார். ஒரு நாட்டுக்காக இன்னொரு நாட்டின் உரிமையை விடுவது சாதாரணம் அல்ல. வில்லியம்ஸை நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன். சட்டத்தைத் தளர்த்தி ஓசிஐ வீரர்களைச் சேர்த்தாலும் எதிர்க்க மாட்டேன். ஆனால் அப்படி வருபவர் முதலில் உட்காரப்போவது அதே ஒன்பதாம் எண் நாற்காலியில்தான். கீழே ஒரு லீக்கும் திடலும் இல்லாமல் அதை மட்டும் செய்தால், எங்கள் பகுதி மாஸ்டர் இன்னொரு பையனையும் பேக் ஆக்குவார்.

திடல் என்றதும் 2024 அக்டோபர் கடைசி நினைவுக்கு வருகிறது. சென்னை மாநகராட்சி தன்னிடமிருந்த செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியார் பராமரிப்புக்கு விடவும், ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு ரூ.120 வாங்கவும் தீர்மானம் நிறைவேற்றியது. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள் பயிற்சி எடுக்கும் ஒரு பையனுக்கு மாதம் ரூ.6,000. டேப் சுற்றிய பூட்ஸோடு ஆடுபவனின் வீட்டு வாடகையே அவ்வளவுதான் இருக்கும். ஊரே எதிர்த்தது, ஓரிரு நாளில் மாநகராட்சி பின்வாங்கியது. பின்வாங்கியதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அப்படி ஒரு யோசனை மன்றம்வரை வந்தது எப்படி? பராமரிக்கப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். அந்தப் பணத்தை வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் உள்ள பிள்ளைகளிடம் தேடக் கூடாது. நந்தகுமார் சேகர், தனபால் கணேஷ் போன்ற வீரர்கள் இந்த மாதிரித் திடல்களிலிருந்துதான் கிளம்பினார்கள். 2023 ஆகஸ்டில் டியூரண்ட் கோப்பையில் நந்தகுமார் அடித்த ஒரு கோல், மோகன் பகானிடம் ஆண்டுக்கணக்கில் தோற்றுவந்த ஈஸ்ட் பெங்காலை நிமிரவைத்தது. கொல்கத்தா அன்று கொண்டாடிய பையன், சென்னையில் காசில்லாமல் திறந்துகிடந்த தரையில் ஓடியவன்.

பெண்கள் அணியைச் சொல்லாமல் விட்டால் நான் பேசுவது பாதிதான். ஆண்கள் அணியின் தோல்விக்கு நாம் அழுதுகொண்டிருந்த அதே 2025-ல், ஜூலை 5 அன்று சியாங் மாய் நகரில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, சங்கீதா பாஸ்போரின் இரண்டு கோலில், இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட இடமிருக்கிறது. 2018-19 இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்சி. தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு 2017-18-லும் 2022-23-லும் வென்றது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் காவல்துறை உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே இந்தியாவின் நடுக்களத்தில் ஆடினார். ஆனால் நிர்வாகம் சறுக்கும்போது முதலில் அடிபடுவதும் இவர்கள்தான். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது பதினோரு நாள் மட்டுமே. அந்தப் பதினோரு நாளுக்குள் ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கிவிட்ட கோகுலம் கேரளா பெண்கள் ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்ப வேண்டியிருந்தது. இதில் அந்தப் பெண்கள் செய்த தவறு என்ன?

2018 ஜூனில் மும்பையில் இந்தியா தைவானை 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல் அடித்தார். அரங்கில் இருந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அவர் ஒரு காணொளியில், திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. ரசிகன் என்ற முறையில் அன்றிலிருந்து அந்த வேண்டுகோளை எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று அதை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கிறேன். பதினொருவர் பட்டியலைப் பற்றித் திட்டும் நேரத்தில் பாதியையாவது மாநகராட்சி மன்றத்தின் தீர்மானங்களுக்கும், மாவட்ட லீக் அட்டவணைக்கும், கூட்டமைப்பின் டெண்டர் தேதிகளுக்கும் கொடுப்போம். உள்ளூர்த் திடல்களில் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை என்பதை, பின்வாங்கிய முடிவாக விட்டுவிடாமல், எழுத்தில் கேட்டு வாங்குவோம். லீக் எந்த மாதம் தொடங்கும் என்பதை ஒரு வருடம் முன்பே அறிவிக்கச் சொல்வோம்.

தகுதி கைவிட்டுப் போன பிறகு சேத்ரி மறுபடி விடைபெற்றார். இம்முறை நிறைந்த அரங்கம் இல்லை.

சென்ற வாரம் மாலையில் அந்தத் திடல் பக்கம் போனேன். பையன் இப்போது இடது பேக்தான். நன்றாகவே ஆடுகிறான், மாஸ்டர் சொன்னது சரி. பயிற்சி முடிந்து மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இவன் மட்டும் ஒரு சின்னப் பையனை வலது ஓரத்தில் நிற்கவைத்துப் பந்தை உயர்த்திப் போடச் சொன்னான். நெஞ்சில் வாங்கினான், இடது காலால் திருப்பினான். இன்னொன்று. இன்னொன்று. விளக்கை அணைக்க வந்த வாட்ச்மேன், சுவிட்ச் பெட்டி மேல் கையை வைத்தபடி அவன் முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.